களிமண்ணில் கட்டிய கோயில்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். பிறந்தது தஞ்சாவூர். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. சோழர் பாடம் வந்தால் ஏதோ எங்கள் தாத்தா சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் அந்த வருஷம், வாசித்தது போதும், கையால் செய்து பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். சிலர் ஏரி வெட்டுவார்கள், சிலர் கப்பல் செய்வார்கள், ராஜா கட்டிய கோயிலை யாராவது களிமண்ணில் கட்ட வேண்டும்.

"கோயில் யார் கட்டுவது?" என்றதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நான் கட்றேன் டீச்சர்."

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வீட்டுப் பெண். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காதவள். பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேறு யாரும் வேண்டாம், நீயே கட்டு என்று கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பலகையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கூர்கூராக இரண்டு கோபுரம், நடுவில் பெரிய வாசல், படிகள். உச்சியில் ஈர்க்குச்சியில் ஒரு சிலுவை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ராஜா கட்டியது சர்ச்சா? பாடத்தைக் கேட்டாயா, தூங்கினாயா?" என்று சொல்லிக்கொண்டே சிலுவையைப் பிடுங்கினேன். கூடவே ஒரு கோபுரமும் பிய்ந்து வந்தது. அவள் அழவில்லை. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது கையையும் தூக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்தில் அவள் அம்மாவை வாசலில் நிறுத்தினேன். புகார் சொல்லத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

"நீதான் கோயில் கட்டச் சொன்னியாமே டீச்சர்? ஞாயித்துக்கெயமை பூசை முடிஞ்சும் வூட்டுக்கு வர்ல. எத்தினி படி, எத்தினி சன்னல்னு எண்ணிக்கினு அங்கியே நின்னுகினு இருந்துச்சு. எங்களுக்கு கோயில்னா அதாம்மா. வேற இன்னா கீது?"

சர்ச் என்பது என் வாயில் வருகிற சொல். அந்தத் தெருக்களில் அதற்குப் பெயர் கோயில். கோயில் மணி அடிச்சிடுச்சு, கோயிலுக்குப் போறோம் என்று தினமும் கேட்டிருக்கிறேன். காதில் ஏறவில்லை. தஞ்சாவூர்க் கோயிலின் படம் ஒன்றைக்கூட நான் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. ஊருக்கெல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வீட்டுச் சுவரிலிருந்த காலண்டர் படத்தைக் கழற்றி எடுத்துப் போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நீ கட்டியதும் கோயில்தான். ராஜா கட்டியது இந்தக் கோயில். இதைக் காட்டாதது என் தப்பு. உன்னுடையதை உடைத்தது அதைவிடப் பெரிய தப்பு" என்று வகுப்பே கேட்கும்படி சொன்னேன்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கோபுரத்தின் அடுக்குகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இத்தக் கட்ன ராஜா நம்ம கோயில கண்ணால பாத்துகிறாரா டீச்சர்?"

"இல்லைம்மா. நம்ம கோயிலைக் கட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப்போயிட்டார்."

"அய்ய" என்றாள். "பாவம் டீச்சர் அவுரு."