மலைக்குச் சுமந்த புத்தகங்கள்

கொல்லிமலையில், பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கு என் கணவர் வாத்தியாராகப் போனபோது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிது, நானும் கூடப் போனேன். முள்ளுக்குறிச்சியில் பிறந்த எனக்கு மலை அண்ணாந்து பார்க்கிற தூரம்தான். ஆனால் அதுவரை ஏறியதில்லை.

பள்ளி என்பது ஒரு புல்வேய்ந்த கொட்டகை. பாடப்புத்தகத்தைத் தவிர அங்கே படிக்க எதுவும் கிடையாது. பிள்ளைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். வேறொரு தாளைக் கையில் கொடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார்கள்.

"இதுங்களுக்குக் கதைப் புத்தகம் வேணுங்க. நானே வந்து எடுக்கறேன்" என்றேன். கணவர் மறுக்கவில்லை. இருவரும் இறங்கி ராசிபுரம் போனோம்.

கடைக்காரர் நீதி சொல்லும் புத்தகங்களாக எடுத்துப் போட்டார். "மலைப் பிள்ளைங்களுக்கு இது போதுமுங்க. நல்ல புத்தி வரும்."

"புத்தி சொல்ல அவங்க ஊட்டுலயே ஆளிருக்குதுங்க. சிரிப்பு வர்ற மாதிரி, பயம் வர்ற மாதிரி ஏதாவது குடுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைக் கைகாட்டிவிட்டார். சின்னதுகளுக்கு, மிருகங்கள் பேசுகிற படக்கதை. பெரிய பையன்களுக்கு, கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவனின் கதை. மழை எப்படிப் பெய்கிறது, நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஒன்று. ஒரு பேய்க்கதை. ஒரு துப்பறியும் கதை. மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அந்தப் புத்தகக் கட்டை நான்தான் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். கழுத்து வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கும் நடந்ததில்லை.

முதலில் நானே படித்துக் காட்டினேன்; நாளாக ஆகப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டப் பழகினார்கள். பேய்க்கதையைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பேய் அவர்களுக்குப் போதவில்லை. கப்பல் கதையைப் படித்த ஒருவன், "கடலுக்கு அந்தாண்ட எந்த நாடுங்க? அங்க நமக்குச் சொந்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டான். மலையில் நாடு என்றால் பத்துப் பன்னிரண்டு ஊர். அதற்குள் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்.

துப்பறியும் கதையை எடுத்தது ஒரு பெண். மிளகுக்கொடி வைத்திருந்த ஒரு குடியானவரின் மகள், பத்து வயதிருக்கும். தினமும் கொஞ்சம் படித்துவிட்டு என்னிடம் ஓடிவருவாள். "அக்கா, சமையல்காரன்தான் திருடன். நீங்க சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கறேன்." மறுநாள் திருடன் மாறியிருப்பான். பூட்டில்லாத வீடுகளில் வளர்ந்தவள், திருட்டைப் பற்றி அவ்வளவு யோசித்தாள்.

மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான் என்றார்கள். அதற்குக் கொடுக்கிற கொய்னா மருந்து அந்த வருஷம் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்கே பற்றவில்லை என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். கொட்டகையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைமாட்டில் இருந்தது. பாதிக்குமேல் தாண்டியிருந்தாள்.

"எழுத்து ஆடுதுங்கக்கா. நீங்க படிங்க."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

"போதுங்க. முடிவ நானே படிச்சுக்கறேன். நாளைக்கு எந்திரிச்சிருவேன்."

சொன்னபடி நிறுத்தினேன். மறுநாள் அவள் எழவில்லை. அதற்கு மறுநாள் மண்ணில் வைத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து அவள் அப்பா வந்தார். புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதை வச்சுக்கங்க. இது ஊட்டுல இருந்தா அவங்கம்மா சோறு திங்க மாட்டேங்கறா." துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். "கீழ் நாட்டுக் காயிதத்துலதான் காச்சல் ஏறி வந்துச்சுன்னு ஊருல பேசிக்கறாங்க. நான் அப்படிச் சொல்லலீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் புத்தகங்கள் திரும்பி வந்தன. யாரும் சண்டை போடவில்லை. வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். கப்பல் கதை வரவில்லை. அந்தப் பையனின் வீடு பூட்டியிராமலே காலியாகக் கிடந்தது. காய்ச்சலுக்குத் தப்பி மிச்சமிருந்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தை பிறப்பதற்குள் என் கணவருக்கும் காய்ச்சல் கண்டது. டோலி கட்டி இறக்கினார்கள். பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு வரவில்லை. அந்தப் பள்ளிக்கு வேறு வாத்தியார் போகவில்லை. கொட்டகை அடுத்த மழையில் சாய்ந்ததாகக் கேள்விப்பட்டேன். புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள்: "எம் பையனுக்கு என்ன பொஸ்தகம் வாங்கலாமுங்க?" வயதைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன். சின்னவன் என்றால் மிருகக் கதை, கொஞ்சம் வளர்ந்தவன் என்றால் கடற்பயணம், கேள்வி கேட்கிறவளாக இருந்தால் நட்சத்திரப் புத்தகம். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். சொல்லும்போதே, அந்தப் பிள்ளை அதைப் படித்து முடிக்குமா என்று மனதுக்குள் ஓடுகிறது. அவர்களுக்கு அது தெரியாது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.