விரலில் ஒட்டிய அவரைக்காய் வாசம்

போன மார்கழி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. விடுமுறை நாளில் அறையில் சும்மா கிடப்பானேன், ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று கெலமங்கலம் வாரச் சந்தைக்கு பைக்கில் கிளம்பினேன்.

தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு பாகத்தில் கீறல் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் சந்தைக்கும் போயிருக்கிறேன்.

சாக்கை விரித்து அவரைக்காயைக் குவித்திருந்தார் ஒரு அம்மா. காரில் வந்த வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை அள்ளினேன். எண்ணெயைத் தொட்ட மாதிரி விரலெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. ஒரு நெடி வேறு. எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, என்ன மருந்த அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க? சனங்க திங்கிற சாமான்மா இது!"

"மருந்தில்ல சாமி, இது அவரக்காயோட சொகடு, தோலுல தானா ஊறுற எண்ணெப் பிசுக்கு. பனியில வெளஞ்ச காயி இப்பிடித்தான் வாசம் அடிக்கும்" என்றவர், ஒரு காயை உரித்துப் பச்சையாகவே மென்று காட்டினார்.

நான் கேட்டால்தானே? செல்போனை எடுத்து, அந்த அம்மாவின் முகம் தெரிய வீடியோ பிடித்தேன். பொறுக்கியவர்கள் பையிலிருந்ததைக் குவியலிலேயே கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டதும் எனக்கு ஒரே பாராட்டு.

திரும்பி வந்து, "என்ன அநியாயம் பாருங்கக்கா" என்று வீட்டுக்கார அக்காவிடம் கையை நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நல்ல சொகடு! எங்க கெடச்சுது? இந்த வாசம் இருந்தாத்தான் எங்கூர்ல காயயே வாங்குவோம். இல்லன்னா கொழம்பு எதுக்கு ஆவும்?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வீடியோவை அழித்தேன். அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. தப்பு என்னுடையது என்று எழுதிப் போட்டேன். அதை ஒருத்தர்கூட யாருக்கும் அனுப்பவில்லை. பொய்யை அனுப்ப மட்டும் இவர்களுக்கு விரல் இருக்குமா? இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தப் பொய்யைக் கிளப்பியவனே நான்தான் என்பதால் இன்னும் எரிகிறது.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதே இடத்தில்தான் இருந்தார். காய்கள் ஈரமாக, அங்கங்கே கறுத்துக் கிடந்தன. உள்ளூர்ப் பெண் ஒருத்தர் ஒரு காயை முகர்ந்துவிட்டு, வாங்காமல் போனார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பதறி எழுந்தார்.

"கழுவிட்டேன் சாமி. ரெண்டு தண்ணி கழுவிட்டேன். தொட்டுப் பாரு, ஒட்டாது."

தொட்டேன். ஒட்டவில்லை. வாசமும் இல்லை.

"தப்பு என் மேலதாம்மா, இனிமே கழுவாதீங்க" என்றேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை. ஒரு தப்பும் செய்யாத மனுஷி எனக்குப் பயந்து கழுவிய அந்த இரண்டு தண்ணி, சிவப்பு ஸ்டிக்கரை எடுக்கும்போதெல்லாம் இன்றும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.