இடது பின்மூலை

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு பையில் தண்ணீர் நிரப்பியது.

பெரிய காரியமில்லை. ஏரிக்கரைப் படகுத்துறையில், பல் டாக்டரம்மாவின் படகில், இடது பின்மூலை இருக்கைக்கு அடியில் கிடக்கும் தடித்த ரப்பர் பை அது. அப்பா குழாயை அதன் வாயில் செருகிப் பிடித்துக்கொள்வார். மகள் பம்பை ஓட்டுவாள். ஏரித் தண்ணீர் ஏற ஏற, தூக்கத்தில் புரண்டு படுக்கும் ஆள் போலப் பை மெல்லப் புரளும்.

“போதும்மா. நான் ஒருத்தன் மேல உக்காரப் போறேன்ல, மறந்துட்டியா?”

“மறக்க விடுவீங்களா?”

“அப்ப நிறுத்து. ஒரே மூலையில ரெண்டு யானை வேணாம்.”

நிறுத்தினாள். காப்பி ஃப்ளாஸ்கை எடுத்து வர அப்பா காருக்குப் போனார். அவர் முதுகு திரும்பியதும் பம்பை மறுபடி ஓட்டினாள். மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது நிறைந்ததும் நிறுத்தி, குழாயைச் சுருட்டி வைத்து, ஒன்றுமறியாதவள் போல நின்றாள். பல மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான்.

அப்பா இருக்கை தைப்பவர். பஸ் சீட், தியேட்டர் சீட், சலூன் நாற்காலி, மோட்டார் சைக்கிள் சீட் என்று மனிதன் உட்காரும் எதுவும் அவர் கடைக்கு வரும். கடைக்குள் நுழைந்தால் பசை வாசனை மூக்கைத் துளைக்கும். சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், பரணில் கூரை முட்டும் ஸ்பாஞ்ச். சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் யாருடையதோ ஒரு பஸ் சீட்டில் உட்கார்ந்துதான். தைத்து முடித்த நாற்காலியைப் பார்த்து “தாங்குமா?” என்று யாராவது கேட்டுவிட்டால், அப்பா பொத்தென்று அதில் உட்காருவார்.

“என்னையே தாங்கிடுச்சு. இனி யாரு உக்காந்தா என்ன?”

அவ்வளவுதான் உத்தரவாதம். மலை மாதிரி ஆள். அவர் படியேறினால் மேல்வீட்டுக்காரருக்குத் தெரியும். “உங்கப்பாவைக் கட்டினதுல ஒரு லாபம்டி, புயலடிச்சா வீடு பறக்காது” என்பாள் அம்மா. அப்பாவுக்கு அதில் பெருமைதான். தன் எடையைத் தொழிற்கருவிகளில் ஒன்றாகவே அவர் எண்ணி வந்தார்.

பல் டாக்டரம்மா முதலில் வந்தது, நோயாளி உட்காரும் சாய்வு நாற்காலி கிழிந்துபோய். அதை முடித்துக் கொடுத்ததும் படகைக் கொண்டுவந்தார். வாங்கும்போதே பழசான படகு. இருக்கைகள் எல்லாம் வாய் பிளந்திருந்தன. அந்தம்மாவுக்கு ஒரே ஒரு பைத்தியம்: ஓடும் படகுக்குப் பின்னால் எழும் அலையில், சின்னப் பலகை ஒன்றில் நின்று சறுக்குவது. கயிற்றைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். பிறகு கயிற்றை விட்டுவிட வேண்டும். அலை சரியாக இருந்தால் அதுவே ஆளைத் தள்ளிக்கொண்டு வரும். சரியில்லாவிட்டால் ஆள் தண்ணீருக்குள்.

நீல ரெக்ஸினில் புது இருக்கைகள் பொருத்தி வெள்ளோட்டம் போன நாளில் படகில் எடைக்காகப் பையில் தண்ணீர் ஏற்றும் பம்ப் மக்கர் செய்தது. மகள் வேலை பார்த்தது பம்ப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில். அப்பா அவளையும் இழுத்துக்கொண்டு போனார். பம்பைச் சரிசெய்தவளிடமே டாக்டரம்மா ஸ்டியரிங்கையும் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார். அன்று அலை என்ற பெயரில் பின்னால் வந்தது, சோம்பேறி நாய் வாலாட்டியது போல ஒரு அசைவு. நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா, மூலை இருக்கையில் தையல் இழுக்கிறதா என்று பார்க்க எழுந்து போய் அங்கே உட்கார்ந்தார். படகு இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் அலை எழுந்து நின்றது.

“சார்! அசையாதீங்க! அப்படியே இருங்க!” என்று தண்ணீரிலிருந்து அலறல்.

பாம்பு ஏதோ காலடியில் கிடக்கிறது என்று நினைத்துவிட்டார் அப்பா. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, கரை சேரும்வரை சிலையாக இருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அன்று முதல் அந்த மூலை அவருடையது. ஞாயிறு விடிந்தால் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, தொழில் பையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். படகுத்துறைக் காவலாளி அவருக்கு ‘நங்கூரம்’ என்று பெயர் வைத்தார்.

“நங்கூரம் படகை நிறுத்துறதுப்பா. நான் ஓட வைக்கிறவன். பேரை மாத்து.”

“வச்ச பேரு வச்சதுதான், நங்கூரண்ணே.”

மகளுக்கு இது கணக்கு. கனமான படகு மெதுவாகப் போனால் தண்ணீரில் பள்ளம் விழுகிறது; அதை நிரப்பப் பாய்ந்து வரும் தண்ணீர்தான் அலை. பின்னால் எடை கூட்டினால் அலை உயரும். முன்னால் கொஞ்சம் எடை வைத்தால் நீளும். வேகம் குறைந்தால் நுரைத்து உடையும், கூடினால் படுத்துவிடும். அப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாம். எந்த அலையைப் பார்த்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “வேகத்தைக் கூட்டும்மா.” பெரும்பாலும் தப்பு. கூட்டுவது போல ஒரு பாவனை காட்டிவிட்டு அவள் குறைப்பாள். “பார்த்தியா, நான் சொன்னேன்ல!” என்பார் அப்பா. அவித்த முட்டையும் காப்பியும், மாலை வெயிலில் காயும் ஈரத் துண்டுகளும், சறுக்கி முடித்து ஏறும் டாக்டரம்மாவின் வசவுகளுமாக எத்தனையோ ஞாயிறுகள் அப்படிப் போயின.

பிறகு அப்பா இளைக்க ஆரம்பித்தார்.

முதலில் எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு பரிசோதனைகள் வந்தன, முடிவுகள் வந்தன, பாராட்டு நின்றது. இடுப்பு பெல்ட்டில் தன் துளைக்கருவியாலேயே புதுத் துளை போட்டுக்கொண்டார் அப்பா. தொழிற்சாலையில் போட்டது போல அத்தனை சுத்தமான துளை. அடுத்த மாதம் இன்னொன்று. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அலை குறையுதா?”

“இல்லையேப்பா.”

“குறைஞ்சா சொல்லிடணும். ஒப்புக்குச் சப்பாணியா அங்க உக்கார மாட்டேன். அடுத்த வாரமே எறங்கிடுவேன்.”

இறங்கிவிட்டால் அந்த மனிதருக்கு வாரத்தில் என்ன மிஞ்சும்? மாத்திரை, கட்டில், மறுபடி மாத்திரை. அவர் தானாக எழுந்து சவரம் செய்வது அந்த ஒரு நாள்தான். அலை குறையவே கூடாது என்று அவள் முடிவு செய்தாள்.

அன்றிரவே அம்மாவைச் சமையலறையில் பிடித்தாள். வாராவாரம் அப்பாவின் எடையை ஃபோனில் சொல்ல வேண்டும், அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது. அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள், சரியென்றாள். குறைந்த எடைக்கு ஈடாகத் தண்ணீர். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். இதைவிட எளிய கணக்கு அவள் வாழ்க்கையில் போட்டதில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. அலை பழைய உயரத்தில் நிற்கவில்லை, அதற்கும் மேலே போனது. செங்குத்தாக எழுந்து சட்டென்று உடைந்தது. டாக்டரம்மா குப்புற விழுந்து எழுந்து கத்தினார்.

“ஏம்மா, அலை கேட்டா சுவத்தைக் குடுக்கிறியே!”

வேகம் காட்டும் மீட்டரைச் சந்தேகப்பட்டாள். படகை மேலேற்றி, விசிறியில் பாசி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைசியில் தண்ணீர்க் கேன் இரண்டை முன்பக்கம் நகர்த்தி, வேகத்தைச் சற்றுக் கூட்டினாள். அலை நீண்டு, வழவழவென்று, முன்பு ஒருபோதும் வராத அழகோடு வந்தது. அலை அப்படி வரும்போது கணக்கைத் திருத்த யாருக்கு மனம் வரும்?

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “வேகத்தைக் கூட்டுன்னு எத்தனை வருஷமா சொல்றேன்! அப்புறம், நான் இளைச்சேன்னு எவன் சொன்னான்? சதைதான் போச்சு. எலும்பு கனம்.”

நடை தளர்ந்த பிறகும் தொழில் பையை அவர் விடவில்லை. சின்னத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வருவார். அவள் கை வைத்தால் அதட்டுவார். காவலாளிதான் அதைப் படகில் அவர் காலடியில் தூக்கி வைப்பார்.

“என்னண்ணே, கடையையே உள்ள வச்சிருக்கீங்களா?”

“ஆணிப்பா, ஆணி. ஓடுற படகுல எந்த சீட்டு எப்பப் பிரியும்னு யாரு கண்டா?”

அந்தக் கடைசி ஞாயிறு டாக்டரம்மா கயிற்றை விட்டவர், ஏரியின் மறுகரை வரை விழவே இல்லை. அப்பா மூலையில் உட்கார்ந்து, முதல் நாள் போலவே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். சட்டை அவர் மேல் காற்றில் படபடத்தது. “அசைய மாட்டேன்! அசைய மாட்டேன்!” என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைப் பிடித்திருந்த கை ஒரு நூலும் நகரக் கூடாது.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு அப்பா இல்லை.

வந்தவர்கள் எல்லாம் போய், வீடு அடங்கிய ஒரு பிற்பகலில், கட்டிலுக்கு அடியிலிருந்த தொழில் பையை அம்மா காலால் சுட்டினாள். “இதை எடுத்துட்டுப் போ. என்னால தூக்க முடியல.”

அவளாலும் ஒரு கையால் தூக்க முடியவில்லை. ஜிப்பைத் திறந்தாள். மேலே சுத்தியல், கத்தரிக்கோல், வளைந்த ஊசிகள். அடியில் நான்கு நீலப் பொட்டலங்கள். படகு இருக்கைகளுக்குப் போட்ட அதே ரெக்ஸின். ஒவ்வொன்றும் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டது. இடித்தாலும் சத்தம் வராது. ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கடைகளில் தராசில் வைக்கும் இரும்பு எடைக்கல். ஐந்து கிலோ.

ஐந்தாவதாக ஓர் உறையும் இருந்தது. அதற்குள் எதுவும் இல்லை.

“பழைய இரும்புக்கடையில இரவல் வாங்கினாரு,” என்றாள் அம்மா. “ஒவ்வொண்ணா. ‘அலை குறைஞ்சா பொண்ணு வாய்விட்டுச் சொல்ல மாட்டா, தனியா கெடந்து தவிப்பா’ன்னு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு.”

“நான் தண்ணி ஊத்தினது அப்பாவுக்குத் தெரியுமா?”

“நான் எங்க சொன்னேன்? நீயும் சொல்லாதேன்ன, அவரும் சொல்லாதேன்னாரு. ரெண்டு பக்கமும் இடி வாங்கின மத்தளம் நான்தான். ஒருநாள் ரெண்டு பேரையும் எதிரெதிரே உக்கார வச்சுப் போட்டு உடைக்கலாம்னு இருந்தேன். நாள்தான் வரல.” அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “திருப்பிக் குடுத்துட்டு வந்துடு. இரவல் பொருள்.”

கணக்கு ஏன் உதைத்தது என்று இப்போது தெரிந்தது. உலகத்தில் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரிடம் சொல்ல வழியில்லை.

இரும்புக்கடைக்காரர் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் பையை இறக்கி வைத்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டார். நீல உறைகளைத் தடவிப் பார்த்தார்.

“கல்லுக்குச் சட்டை தச்ச ஆளு இவரு ஒருத்தர்தாம்மா.”

பிறகு நினைவு வந்தவர் போல உள்ளே போனார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு எடைக்கல்லை இரண்டு கையாலும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். துருவெல்லாம் தேய்த்து எடுத்திருந்தது.

“இன்னும் ஒண்ணு வேணும்னு சொல்லியிருந்தாரு. அளவு எடுத்துட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வந்து வாங்கிக்கிறேன்னாரு. அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு.”

அவள் காலி உறையை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். மூன்று பக்கம் தைத்திருந்தது. நான்காவது பக்கத்தில் ஊசி குத்தியபடியே நின்றது, நூல் கோத்து.

“எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல இங்கயே இருக்கட்டுமா?” என்றார் கடைக்காரர்.