நால்வர் நிக்காஹ்

ரங்கூன் தேநீர்க் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. குட்டை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால், இருப்பவர்களில் ஒருவர் "வேலை இருக்கு" என்று எழுந்துவிடுவார். வேலையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. எண்பத்தெட்டில் பிறந்தே இராத பிள்ளைகள்கூட அப்படி எழுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்குத் தெரியும். என் கல்யாணமே அந்தக் கணக்கில்தான் நடந்தது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இருந்தது. மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் எங்கள் சந்திலிருந்து பிக்குகளும் போனார்கள், மீன்காரப் பெண்களும் போனார்கள், தொழுகை முடித்த கையோடு எங்கள் ஆட்களும் போனார்கள். எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கல்லூரி மாணவர். லாரி மேல் ஏறிக் கொடி பிடித்தார். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "லாரியில நிக்கிறது நம்ம மாப்பிள்ளைதான்" என்று அவரே சொன்னார். செப்டம்பரில் ராணுவம் இறங்கியது. சுட்டார்கள். லாரியில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் போனார்கள். வாப்பா வாயை மூடிக்கொண்டார், ஆனால் சொன்னது சொன்னதுதானே.

மாப்பிள்ளை வீடு மாற்றி வீடு தங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம்: கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வழக்கம் அவரைக் காப்பாற்றும் என்று உம்மாதான் கண்டுபிடித்தார். நிக்காஹ் முடிந்தால் கடையில் உட்காரும் மருமகன்; முடியாவிட்டால் ஒளிந்திருக்கும் மாணவன். நடுவில் வேறு எதுவும் இல்லை.

அப்போது நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. அனுமதி வாங்கலாம் என்றார்கள் சிலர். வாங்கப் போனால் மாப்பிள்ளை பெயரைக் கேட்பார்களே! வாப்பா விரல் விட்டு எண்ணினார். மாப்பிள்ளை, பெண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளராக, வாப்பா, இரண்டு சாட்சிகள், நடத்தி வைக்கும் லெப்பை. ஐந்து. மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் லெப்பையே வழி சொன்னார்: "வலியே வாயால சொல்லிக் கொடுத்தா நிக்காஹ் கூடும். நான் ஜன்னலுக்கு வெளியில நின்னு எடுத்துக் கொடுக்கிறேன்."

காலை வெயிலில், யாருக்கோ காத்திருப்பவர் போல, லெப்பை சந்தில் குடை பிடித்து நின்றார். கூடத்தில் நான்கு ஆண்கள். உள்ளறையில் நான், உம்மா, ராத்தா, மாமி, நாங்களும் நான்கு. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு வீடு என்று வாப்பாவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன.

வாப்பா ஆரம்பித்தார். என் மகள் இன்னாரை உமக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பதற்றத்தில் என் பெயருக்குப் பதிலாக மூத்தவளான ராத்தா பெயரைச் சொல்லிவிட்டார். என் பக்கத்தில் இருந்த ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே லெப்பை தன்னை மறந்து கத்தினார். "யா அல்லாஹ்! அவளைத்தான் போன வருஷமே கட்டிக் கொடுத்தாச்சே!"

சந்து முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் வார்டுத் தலைவர் உள்ளே வந்தார். பர்மியர். ஆட்களைக் காட்டிக் கொடுப்பவர் அவர்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். கதவிடுக்கில் பார்த்தேன். அவர் நால்வரையும் பார்த்தார். மாப்பிள்ளையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். என் கை உம்மாவின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது.

"யார் இது, அகோஜி?" என்று, அண்ணன் முறை வைத்து, வாப்பாவைப் பர்மிய மொழியில் கேட்டார்.

"மருமகன், சயா," என்றார் வாப்பா மரியாதையாக.

"ஆயிட்டானா?"

வாப்பாவுக்குப் பொய் வரவில்லை. "இன்னும் இல்ல, சயா. பேரை மாத்திச் சொல்லிட்டேன்."

தலைவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "அந்தப் பெரியவர் ஏன் வெயில்ல நிக்கிறார்? உள்ள கூப்பிடுங்க. சரியாச் சொல்லி முடிங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்." சொல்லிவிட்டு அவரே போய் வாசல்படியில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

லெப்பை உள்ளே வந்தார். அப்போது அந்த அறையில் ஐந்து பேர். வாப்பா இந்த முறை என் பெயரை, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். வாசலில் நின்றவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார், ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்த ஊரில் அடங்கி ஒடுங்கித்தான் வாழ்ந்தோம். ஆனால் தெருவில் யாரைப் பார்த்தாலும், இவரும் அந்த ஆகஸ்டில் தெருவுக்கு வந்தவராக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அது பெரிய தெம்பு.

கல்யாணமான மறு வாரம் ராணுவ ஆட்கள் இரண்டு பேர் தலைவரை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். என் கணவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டு ஆடியது. "இவன் யார்?" என்று தலைவரைக் கேட்டார்கள்.

"இந்த வீட்டு மருமகன்," என்றார் அவர் அலுப்போடு. "ரொம்ப வருஷமா இங்கதான் இருக்கான்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் கடையின் பின்கட்டில் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.