கலங்கரை விளக்கத்துக்காரி கதவைத் திறந்தாளா?

கோட்டுக்குப் பொத்தான் பெரிதா, பொத்தான் நுழைகிற ஓட்டை பெரிதா என்று காஜாவிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை ஆளை விடமாட்டாள். "பொத்தான் தங்கத்துல இருந்தா என்ன? ஓட்டை ஒழுங்கா இல்லேன்னா தொப்பை எட்டிப் பார்க்கும்" என்பாள். அந்த ஓட்டைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் காஜா. கோட்டுகளுக்குக் கையால் காஜா எடுத்து எடுத்து அந்தப் பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. அவள் காஜா எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்ட ஒரு மாப்பிள்ளை, அதைக் கழற்ற முடியாமல் ஒரு வாரம் கோட்டோடேயே குளித்தான் என்று ஒரு கதை உண்டு. அதைக் கட்டிவிட்டவளும் அவளேதான்.

அந்தத் தையல் கம்பெனியில் மிஷின்கள் கீழே ஓடும். மாடியில் கைவேலை அறை. காஜா, பொத்தான், கழுத்து உள்தையல் எல்லாம் அங்கே. சத்தமில்லாத வேலை. சத்தமில்லாத இடத்தில் வாய் சும்மா இருக்காது, வாய் நடந்தால் கை நின்றுவிடும் என்று கண்டுபிடித்த கட்டிங் மாஸ்டர் என்றைக்கோ ஒரு ஏற்பாடு செய்துவைத்தார். ஒருத்தி நாவல் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைக்கட்டும். படிக்கிறவளுடைய துணிக்குவியலை மற்றவர்கள் பங்குபோட்டு முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

படிக்கிறவள் பெயர் ரேடியோ. காஜாவின் நாத்தனார், புருஷனுக்குத் தங்கை. ராஜாவாக அவள் பேசினால் அறையே நிமிர்ந்து உட்காரும். பேயாகப் பேசினால் மூலையில் பொத்தான் தைக்கும் பட்டன் அத்தை, துணியை விட்டுவிட்டு விரலைத் தைப்பாள். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிவந்து சேர்த்ததே காஜாதான். பங்குபோடும்போது பெரிய பங்கையும் காஜாதான் இழுத்துக்கொள்வாள்.

"உனக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய குவியல்?" என்று பட்டன் அத்தை கேட்பாள்.

"அவ மூச்சு விடாம படிக்கிறா. நான் மூச்சு விடாம தைக்கிறேன். சரியாப் போச்சு."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. காஜாவின் புருஷன் மெத்தை வியாபாரி. மெத்தை கொடுக்கப் போன வீட்டில் மெத்தையோடு தானும் தங்கிவிட்டான். தெரு சிரித்தது. அவளும் கூடச் சிரித்துவைத்தாள், வேறென்ன செய்ய? அப்போது ரேடியோதான் வாசலில் நின்று, "இனிமே எனக்கு அண்ணன் கிடையாது, அண்ணி மட்டும்தான்" என்று நாலு வீடு கேட்கச் சொன்னாள். போன புருஷனை நினைத்துக் காஜா அழுதது கொஞ்சம். அந்த வார்த்தையை நினைத்து அழுதது அதிகம்.

மீதி அழுகை முழுவதும் நாவல்களுக்குத்தான். காஜா கதை கேட்கிற அழகே தனி. துப்பறியும் கதையில் வக்கீல்மேல் சந்தேகம் வந்தால் அன்றைக்கு வக்கீல் வீட்டுக் கோட்டைத் தொடமாட்டாள். ராஜா ராணியை விட்டுவிட்டுப் போன அன்று, மாஸ்டர் கேட்ட சாதாரணக் கேள்விக்கு, "ஆம்பளைங்க புத்தியே இதுதானே" என்று பதில் சொல்லிவிட்டாள். அவர் கேட்டது கத்தரிக்கோல் எங்கே என்று. கிணற்றுப் பேய் கதையை ரேடியோ ஆரம்பித்ததிலிருந்து குழாயடிக்குக்கூட விளக்கோடு போனாள்.

சில காலமாக எல்லா நாவலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காணாமல் போன புருஷன் கொலைகாரன் இல்லை, ரகசியப் போலீஸ். கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்தான். ராஜா மாறுவேடத்தில் வந்து ராணியின் காலடியில் மகுடத்தை வைத்தான். கிணற்றுப் பேய் உண்மையில் பேயே இல்லையாம், மயங்கிக் கிடந்த மனைவியாம். புருஷன் கயிற்றைக் கட்டி இறங்கித் தூக்கிவந்தான்.

"ஏண்டி ரேடியோ, எல்லாக் கதையிலயும் புருஷன் திரும்பி வந்துட்டே இருக்கானே? நாவல்ல பஸ் வசதி நல்லா இருக்கும் போல" என்றாள் காஜா. அறை சிரித்தது. ரேடியோவும் சிரித்தாள்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவளைப் பிடித்து உலுக்கியது கலங்கரை விளக்கத்துக் கதை. கடலோர விளக்கைக் காக்கிறவன் வேறொருத்தியோடு படகேறிப் போய்விடுகிறான். மனைவி தனியாக விளக்கை ஏற்றிக்கொண்டு இருக்கிறாள். கடைசியில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். "நான் உன்னை விட்டுப் போகலை, உன் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போயிட்டேன்" என்கிறான். அவள் கதவைத் திறந்து ஏதோ சொல்கிறாள். அது காஜாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அந்த இடத்தில் அவள் அழுத அழுகையில் மடியிலிருந்த வெள்ளைக் கோட்டை மறுபடி இஸ்திரி போட வேண்டிவந்தது.

அதன் பிறகு ஒரு நாள் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு போயிற்று. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, ரேடியோ மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அண்ணன் ஆளே பாதியாயிட்டாரு அண்ணி. அவ வெளிய அனுப்பிட்டாளாம். உங்களைப் பார்க்கணும்ங்கறாரு."

பழைய காஜாவாக இருந்தால் மாவுக்கட்டாலேயே அடித்திருப்பாள். ஆனால் எத்தனை புருஷன்கள் திரும்பி வந்து எத்தனை பேர் கதவைத் திறந்தார்கள்! அவள் மட்டும் என்ன கல்லா?

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாள்.

சொல்லியாகிவிட்டது. வந்தால் என்ன பேசுவது? கலங்கரை விளக்கத்துக்காரி கதவைத் திறந்ததும் என்ன சொன்னாள்? கௌரவமும் போகாமல், ஆளையும் விரட்டாமல் சொன்ன அந்த ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், அதையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ரேடியோவிடம் கேட்க வெட்கம். கட்டுப்போட்ட கையை முந்தானையில் மூடிக்கொண்டு வாடகைப் புத்தகக் கடைக்குத் தானே போனாள்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கடையின் படியில் உட்கார்ந்து இடது கையால் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள்.

அதில் கதவு திறக்கவில்லை.

புயலில் அவன் படகு தள்ளாடி வருகிறது. அவள் விளக்கைத் தூண்டிவிடுகிறாள். யார் படகாக இருந்தாலும் பாறையில் மோதக் கூடாது, அது அவள் வேலை. அவன் கரையேறி வந்து கதவைத் தட்டுகிறான், விடியும்வரை தட்டுகிறான். அவள் மேலே விளக்கருகில் உட்கார்ந்து சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அவன் பேசின வசனம் ஒரு வரிகூட இல்லை.

பக்கம் கிழிந்திருக்கும் என்று நினைத்தாள். கிழியவில்லை. வேறு பதிப்போ என்று கேட்டாள். "இது ஒரே தடவைதாம்மா அச்சாச்சு" என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு அவள் ஒன்றொன்றாக வாங்கி முடிவுகளைப் படித்தாள். ரகசியப் போலீஸ் என்று அவள் கும்பிட்ட ஆள் சாட்சாத் கொலைகாரன். ராணி ராஜாவை லாயத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே நாடு ஆண்டாள். குதிரைகளுக்கே அவனைப் பிடிக்கவில்லையாம். கிணற்றில் தள்ளியவனே அந்தப் புருஷன்தான். பேயை நினைத்துப் பயந்து தொலைத்தோமே, அவள் பாவம் என்று காஜா அந்தப் பக்கத்தை இடது கையால் தடவிக்கொடுத்தாள். ரேடியோ இடையில் படித்த நாலு அண்ணன் தம்பி கூட்டுக்குடும்பக் கதை இருக்கிறதே, அதில் மூத்தவன் பாதிப் புத்தகத்திலேயே செத்துப்போகிறான். ரேடியோ அவனை மீதிப் புத்தகம் முழுக்க உயிரோடு நடமாட விட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, சோறும் தின்ன வைத்திருக்கிறாள்!

ஒரே ஒரு நாவல் மட்டும் ரேடியோ படித்தபடியே இருந்தது. மளிகைக்கடைக்காரன் வியாதியோடு திரும்பி வருகிறான். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். கேட்ட அன்று, "என்னடி இது, உப்பில்லாத முடிவு" என்று காஜா திட்டியது அதை ஒன்றைத்தான்.

கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. புருஷன் போனபோது போனது புருஷன் மட்டும். இப்போது அவளுடைய அழுகையே அவளுடையது இல்லை என்று ஆகிவிட்டது. எங்கே அழ வேண்டும், எங்கே இளக வேண்டும் என்று அளந்து வெட்டி, அவளுக்கென்றே ரேடியோ தைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரமெல்லாம் அவளுடைய குவியலையும் சேர்த்துத் தைத்தவள் யார்?

சனிக்கிழமை மாவுக்கட்டோடு மாடி ஏறினாள். "தைக்க முடியாது, இன்னைக்கு நான் படிக்கிறேன்" என்று ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த கலங்கரை விளக்கப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததுமே ரேடியோவின் முகம் வெளிறிவிட்டது. காஜா கடைசி அத்தியாயத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். ராஜா குரல், பேய்க் குரல் ஒன்றும் இல்லை. மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பது போலப் படித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

யாரும் திடுக்கிடவில்லை.

அதுதான் அவளைக் கொன்றது. பட்டன் அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நிஜக் கதை இவ்வளவு வறட்சியா இருக்கும்னு நினைக்கலை" என்றாள்.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"என் மருமக அந்தப் புத்தகத்தைப் படிச்சவதானே. முடிவு வேறன்னு முதல்லயே சொல்லிட்டா. உன் நல்லதுக்குத்தானேன்னு நாங்க யாரும் வாயைத் திறக்கலை. எத்தனை நாள்டி தனியாக் கிடப்பே?"

காஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாத் தலையும் துணியில் குனிந்திருந்தது. அவள் அழுதபோதெல்லாம் இவர்களும் மூக்கை உறிஞ்சினார்களே, அதுவும் சேர்ந்து நடித்ததா?

"அண்ணி, கோச்சுக்காதீங்க" என்று ரேடியோ எழுந்து வந்தாள். "அண்ணனும் நிக்க இடமில்லாம இருக்காரு, நீங்களும் ஒத்தையா... ரெண்டு பேரும் எனக்கு வேணும் அண்ணி. அதுவும் இல்லாம, இதெல்லாம் கதைதானே?"

"கதைதானேன்னா, உள்ளபடி படிச்சிருக்கலாமே?"

ரேடியோ புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினாள். காஜா கொடுக்கவில்லை.

"எனக்கு அண்ணன் கிடையாதுன்னு வாசல்ல நின்னு சொன்னியே. அது எந்த நாவல்லேர்ந்துடி?"

"அது நிஜமாத்தான் அண்ணி சொன்னேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ எல்லாத்தையும் ஒரே குரல்லதானே படிக்கிறே."

ரேடியோ அழ ஆரம்பித்தாள். நல்ல அழுகை, கேட்பவர் மனம் கரையும் அழுகை. காஜா அந்த அழுகையையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று தேடுகிறவள் மாதிரி. அப்படிப் பார்க்க நேர்ந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து படி இறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கையில் ஒரு பெட்டி, முடியில் புதிதாகப் போட்ட சாயம். உண்மையாகவே இளைத்திருந்தான், அதில் பொய்யில்லை. காஜா கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றாள். அந்த நிமிஷம்வரை என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இளைத்த தோளைப் பார்த்ததும் மனசு ஒரு பக்கம் சரியத்தான் செய்தது.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பெட்டியைக் கீழே வைத்தான். கண்களை மேலே தூக்கி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் போல, "நான் உன்னை விட்டுப் போகலை. உன் வெளிச்சம்... உன் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போயிட்டேன்" என்றான்.

காஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியாத சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"தப்பில்லாம சொல்லிட்டேனா?" என்று அவன் அப்பாவியாகக் கேட்டான். "தங்கச்சி மூணு நாளா மனப்பாடம் பண்ண வச்சா."

"ஒரு எழுத்து தப்பில்லை" என்றாள் காஜா. "இதை விட்டுட்டு உனக்குன்னு சொல்ல ஏதாவது இருக்கா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது, சாயம் வியர்வையோடு காதோரம் இறங்கியது. "பசிக்குது" என்றான் கடைசியில்.

அதுதான் அவன் சொன்ன ஒரே நிஜம். அந்த வார்த்தைக்காக அவள் உள்ளே போய்ச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். அவன் தின்னும்வரை நின்றாள். தட்டை எடுத்துக்கொண்டாள்.

"இப்போ உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. உன்னைத் திரும்பி வர வச்சது அவதானே. வச்சுக்கட்டும்."

"அவ வீட்ல இடமில்லையே. ஒரே ரூம்தானே?"

"அவ நினைச்சா செத்தவனுக்கே இடம் பண்ணிக் கொடுப்பா. போ."

அவன் போனான். ரேடியோவின் ஒற்றை அறையில் அவனுடைய குறட்டைக்குச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் வந்ததால் அவள் புருஷன் அடுக்களையில் படுக்க வேண்டியதாயிற்று, பிள்ளைகள் அலமாரிக்கு அடியில்.

கட்டுப் பிரித்ததும் காஜா வேலைக்குத் திரும்பினாள். கைவேலை அறையில் மறுபடி நாவல் ஓடுகிறது. ரேடியோதான் படிக்கிறாள், ஓர் எழுத்து மாற்றாமல், அடிக்கடி நிறுத்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தபடி. பங்குபோடும்போது காஜா தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறாள், ஒரு துணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த ராணிக்கும் அழுவதில்லை. எந்த வக்கீல்மேலும் சந்தேகப்படுவதில்லை. மதிய இடைவேளையில் மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து தன் புத்தகத்தை விரிக்கிறாள், கடைசிப் பக்கத்திலிருந்து.

"நல்லா இருக்காடி? கடைசியில என்னதான் ஆகுது?" என்று பட்டன் அத்தை ஒரு நாள் ஆவலோடு கேட்டாள்.

காஜா பக்கத்தை மூடாமலே, "நீங்களே படிச்சுப் பாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, அத்தைக்கு முதுகைக் காட்டி வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.