கடைசிக் கூறு

சிலமலையில் பி.ஏ. முடித்த முதல் ஆள் என் பெரியப்பா மகன்தான். போடியில் ஏலக்காய்க் கடை வைப்பார் என்று ஊரே நினைத்திருக்க, அண்ணன் ராணுவ அதிகாரியாகிவிட்டார். விடுப்பு முடிந்து அவர் ரயிலேறிய பிறகு, ஒரு வாரத்துக்கு நான் அவர் நடையிலேயே கல்லூரிக்குப் போவேன்.

எழுபத்தொன்றில் நடந்த போரில் காயம்பட்டுச் சிறைப்பட்டார். எதிரி நாட்டு முகாமிலேயே இறந்துவிட்டதாகப் பிறகு தந்தி வந்தது. உடல் வரவில்லை. பெரியம்மா நம்பவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை.

"தந்தி வந்துட்டா நெசமாயிருமாடா? அது வேற எவனோ. போய்ச் சோலியப் பாரு."

கைதிகள் திரும்பிய பின், பூப்பாறையிலிருந்து ஒரு மலையாளிச் சிப்பாய் ஜீப்பில் வந்து இறங்கினார். முகாமில் காயம்பட்டவர்களின் கொட்டடியில் அண்ணனோடு கிடந்தவர். சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் போட்டோவைப் பார்த்து, "காய்ச்சல்ல போயி, அம்மே" என்றார். பெரியம்மா முறத்திலிருந்து நிமிரவேயில்லை.

"போட்டோவப் பாத்தா யாரும் ஆமான்னுதான் சொல்லுவாக."

"சார் ரொட்டி பங்கு வைக்குறத நான் பறயட்டே?"

ஒன்பது பேருக்கு ஆறு ரொட்டிதான் வருமாம். அண்ணன் பிய்த்து ஒன்பது கூறாக வைப்பாராம். ஒருவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பாராம். திரும்பிப் பார்க்காமல் அவன் பெயர் சொல்ல வேண்டும். கூறு வைத்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது.

"ஆபீசருக்கு முதல்லன்னு நாங்க எத்தனையோ பறஞ்சோம். சார் சம்மதிச்சில்லா."

எங்கள் பக்கம் ஆடு அடித்தால் வீடுகளுக்குக் கறி பிரிப்பது இப்படித்தான்.

முறம் நின்றது. "சிரிப்பானா?"

"ஒரே பேர ரெண்டு தடவ சொன்னா சிரிப்பாரு."

"எங்க வீட்டுக்குன்னு ரெண்டு தடவ சொல்லி அவுக அப்பாகிட்ட அடி வாங்குன பய" என்றார் பெரியம்மா. முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம், "ஐயரு எப்ப வருவாருன்னு வெரசாக் கேட்டுட்டு வா" என்றார்.

காரியம் முடிந்து கறி எடுத்த அன்று பெரியம்மாவே அண்ணனுக்கும் சேர்த்துக் கூறு வைத்தார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். "இது யாருக்கு?" வந்திருந்த ஒவ்வொருவரையும் சொன்னேன். பூப்பாறைக்காரரையும் பெரியம்மாவையும் சொன்னேன். அண்ணன் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

திரும்பியபோது இலையில் ஒரு கூறு மிச்சமிருந்தது. இருந்ததிலேயே சின்னது. படையலுக்கு நல்லதாக எடுத்து வைக்கச் சொன்னார் ஒரு சித்தி.

"வேணாம் ஆத்தா" என்றார் பெரியம்மா. "மாத்துனா அவன் திங்க மாட்டான்."