சந்தனம் பூசிய கம்ப்ரஸர்

சென்ற வாரம் கார் டயருக்குக் காற்றடிக்க, வீட்டில் இருக்கும் குட்டி கம்ப்ரஸரை எடுத்தேன். டிபன் கேரியர் அளவுதான். சத்தம் மட்டும் ரைஸ் மில்லுக்கு உண்டானது. திரையில் காற்றழுத்த எண் இருபதுக்கு மேல் ஏற மறுத்தது. மகன் கைப்பேசியில் வைத்தியம் தேட, நான் அது காற்றை உள்ளிழுக்கும் இடத்தருகே குனிந்து முகர்ந்தேன். "என்னப்பா பண்றீங்க?" என்றான். சந்தன வாசனை வருகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னால் நேரே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவான். உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளில் கேரள எல்லையோரம் கொல்லங்கோட்டில், விவசாய ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். மலையாளக் கோப்புகள் எனக்குப் புரிவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. குடியிருந்தது கந்தசாமி வீட்டு மாடியறையில். அவர் முன்னறையிலேயே கம்ப்ரஸர் வைத்து, டயர் மாட்டுவண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் காற்றடித்தார். மிஷின் அவருடையதல்ல; மனைவி ருக்மணியின் அண்ணன் கொடுத்தது. பொள்ளாச்சியில் மில் வைத்திருந்த அந்த மச்சானிடம்தான் கந்தசாமி முன்பு வேலை பார்த்தார். "விஜயதசமிக்கு வந்து பார்ப்பேன். சரிப்படலீன்னா மிசினையும் ஏத்திக்குவேன், உன்னையும் ஏத்திக்குவேன்" என்று மச்சான் சொல்லியிருந்தார்.

"அண்ணன் நல்லவருதானுங்க சார்," என்பார் ருக்மணி. "ஆனா மில்லுல பத்துப் பேரு முன்னால இவரை 'டேய்'ம்பாரு. இவரும் சிரிச்சுக்கிட்டே போவாரு. எனக்குத்தான் சோறு எறங்காது."

ஆயுத பூஜையன்று மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனத்தைத் தாராளமாகப் பூசிக் குங்குமம் வைத்தது ருக்மணிதான். ஊரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இரும்பே கிடையாது. என் பேனா முனையில்கூட வைத்துவிட்டார்.

விஜயதசமி காலை. முதல் வேலைக்கு ஒரு வண்டிக்காரர் வந்து நின்றார். மோட்டார் ஓடியது. அழுத்தம் காட்டும் முள் முப்பது பவுண்டில் நின்றுவிட்டது.

எங்கோ கசிகிறது என்று முடிவுகட்டினோம். மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவ என் சவரப் பிரஷ் தியாகம் செய்யப்பட்டது. ஒரு குமிழியும் வரவில்லை. காற்று டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டோம். பெல்ட்டை இறுக்கினோம். பௌதிகம் படித்த நான், சூடேறினால் அழுத்தமும் ஏறியே தீரும் என்று விளக்கினேன். முள் அந்தப் பாடத்துக்கு வரவில்லை போலும்.

"பூசை போட்டதுல பக்தி முத்திப்போச்சாட்ட இருக்குதுங்க. வெரதம் இருக்குது" என்றார் வண்டிக்காரர்.

மதியப் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்கினார். ஒரு கையில் வாழைப்பழம், தோளில் புதுக் கயிறு. முள்ளைப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உண்டுட்டுக் கட்டிறலாம், மாப்ளே."

கந்தசாமி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றுமில்லை.

அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ருக்மணி மிஷின் பக்கத்தில் தயங்கி நின்றார். "ஏனுங்க, மத்த நாள்ல இங்க நின்னா முந்தானையை இழுக்குமுங்க. இன்னைக்கு இழுக்கவே காணமே?"

சொல்லிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காற்று உள்ளே போகும் மூடியில் சல்லடைபோல் துளைகள் உண்டு. அவற்றின்மேல், சந்தனம் விரற்கடைக் கனத்துக்குக் காய்ந்திருந்தது. வெளியே போகும் வழியையெல்லாம் தேடிய எங்களுக்கு, உள்ளே வரும் வழி ஒன்று உண்டு என்பதே தோன்றவில்லை.

கந்தசாமி மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிச் சுரண்டினார். மிஷின் பெருமூச்சு விட்டது. முள் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டியது.

"என்னடா கோளாறு?" என்றார் மச்சான்.

ருக்மணி வாயைத் திறப்பதற்குள் கந்தசாமி முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க மச்சான். நேத்து லீவு உட்டமில்லீங்களா, அந்தச் சடவுல சோம்பிக் கெடந்துச்சுங்க."

மச்சான் ஊசி முனையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "செரி, சோத்தைப் போடு கண்ணு" என்றார். கிளம்பும்போது, "கயிறு கெடக்கட்டுங்க மாப்ளே. துணி காயப் போடலாம்" என்றார். 'ங்க' போட்டதை ருக்மணி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

மாற்றலாகிப் போகும்வரை என் சட்டைகள் அந்தக் கயிற்றில்தான் காய்ந்தன. இப்போது அங்கே கைப்பேசிக் கடை.

என் வீட்டில், மகன் ஏதோ பொத்தானை அமுக்கினான். எண் தானே ஏறி, தானே நின்றது. அன்றுபோல் முள் நகருமா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு, இந்தக் குட்டி மிஷினில் முள்ளே கிடையாது.